கெட்டிமேளத்துக்கு முன் இரண்டு நொடி

என் அக்காவின் முதல் நிச்சயதார்த்தத்தில் அப்பா தும்மினார். இரண்டு வீட்டாரும் தாம்பூலத் தட்டை மாற்றிக்கொள்ளக் கை நீட்டிய நேரம். ஒரு தும்மல் அல்ல, மூன்று. மூன்றாவது தும்மலில் தட்டிலிருந்து ஒரு வெற்றிலை கீழே விழுந்ததாக என் அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெற்றிலை விழவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் வேறு ஒரு பெண் இருந்தது பிறகு தெரிந்தது. தும்மலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று வீட்டில் விளக்கினேன். நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இருந்திச்சி, சரி. ஒங்கப்பா தும்மாம இருந்தா அவன் அவள விட்டிருப்பான்ல?"

இதற்குப் பாடநூலில் பதில் இல்லை.

அப்பா முப்பது ஆண்டுகளாக லிட்டில் இந்தியாவில் மசாலா அரைக்கும் கடையில் வேலை செய்கிறார். மிளகாய், மல்லி, மிளகு எல்லாம் அவர் மூக்கு வழியாகத்தான் பினாங்கின் சமையலறைகளுக்குப் போயிருக்கின்றன. முகமூடி வாங்கிக் கொடுத்தால் தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்வார். அவர் தும்மாத நாள் எங்கள் நினைவில் இல்லை.

அடுத்த சம்பந்தம் இரண்டு ஆண்டுகள் கழித்து பாலிக் புலாவிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பேருந்து ஓட்டுநர், நிதானமானவர். அந்த நிச்சயதார்த்தத்தின்போது அப்பா யாரிடமும் சொல்லாமல் எழுந்து வெளியே போய், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இதனால் அவருக்குக் கோட்பாடு உறுதிப்பட்டுவிட்டது. கல்யாணத்திலும் தாலி கட்டும்போது செருப்புப் பக்கம் நிற்பதாகச் சொன்னார். தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாவிடம் பேசி முடித்தும் விட்டார்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்பா உள்ள நிக்கலன்னா நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

"ஒன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

"பெரியப்பாவா என்ன வளத்தாரு? நீங்க நிக்கலன்னா நான் வந்து செருப்புகிட்ட ஒங்க பக்கத்துல நின்னுக்கிறேன். மாப்ள தனியா தாலி கட்டிக்கட்டும்."

என் அக்கா அதிகம் பேசுகிறவள் அல்ல. பதினேழு வயதில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். அப்பா மூன்றாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை, அக்கா பாதியில் நின்றவள். அவள் நின்றதால் நான் தொடர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்லுவேன், வேண்டாத இடத்திலும் சொல்லுவேன். கெலுகோரில் எங்கள் ஃபிளாட்டின் வரவேற்பறையில் என் பட்டமளிப்புப் படம் பிள்ளையாருக்கு ஓர் ஆணி மேலே தொங்குகிறது. ஆணி அங்கேதான் இருந்தது என்று அப்பா சொல்கிறார்.

வழி சொன்னது அம்மாதான்.

"கெட்டிமேளம் எதுக்கு அடிக்கிறாங்க? தும்மல், அழுக எதுவும் காதுல விழக் கூடாதுன்னுதான். மேளம் நல்லா அடிச்சா இவரு யானையாட்டம் தும்முனாலும் யாருக்குக் கேக்கும்?"

அப்பா யோசித்தார். "மேளம் சரியா இருந்தா நிக்கிறேன்" என்றார்.

கூலிமிலிருந்து ஒரு நாதஸ்வரக் குழுவை ஏற்பாடு செய்திருந்தோம். அதில் தவில் வாசிப்பவர் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். நல்ல முகூர்த்த நாள் என்பதால் மற்ற குழுக்கள் எல்லாம் எங்கெங்கோ ஒப்புக்கொண்டிருந்தன. நாள் நன்றாக இருந்ததுதான் பிரச்சினை.

"கோயில் மண்டபத்துல பெரிய ஸ்பீக்கர் இருக்கு. ஃபோன்ல போட்டுக்கலாம்" என்றார் அம்மா.

சென்ற ஆண்டு ஓர் உறவினர் கல்யாணத்தில் அப்படித்தான் போட்டார்கள். தாலி ஏறும் நேரத்தில் மேளத்துக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் விளம்பரம் வந்தது. அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அதை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது.

"நான் பாத்துக்கிறேன். கோயில் ஆபீஸ்ல நம்ம கம்ப்யூட்டர் இருக்குல்ல" என்றேன்.

அந்தக் கணினிக்கு ஒரு வரலாறு உண்டு. ஓர் அலுவலகம் வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. நான் அதைக் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்து, லினக்ஸ் போட்டு, மூன்று ஆண்டுகளாக ஓட வைத்திருந்தேன். கோயில் செயலாளர் அண்ணன் அர்ச்சனைச் சீட்டு அதில்தான் அச்சடிக்கிறார். மேளத்தைக் கைப்பேசியில் சேமித்து விளம்பரமில்லாமல் போட்டிருக்கலாம். யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அலுவலக அறை மண்டபத்தின் ஒரு மூலையில். சன்னல் வழியே மணமேடை தெரியும். ஸ்பீக்கர் மேடைக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்தது, என் இடுப்பு உயரம்.

"டீச்சர், ஒயர் போட்டா முடிஞ்சிச்சி லா" என்றார் செயலாளர் அண்ணன்.

ஒயருடன் போனேன். ஸ்பீக்கரின் பின்புறம் ஒயர் செருகும் துளைக்குள் ஏதோ அடைத்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊதுபத்திக் குச்சி.

"அது போன சரஸ்வதி பூசையில எல்லா சாமானுக்கும் பொட்டு வச்சி பத்தி கொளுத்துனோம். மத்ததுல சொருவ எடமில்ல. இதுல மட்டும் அளவா ஒரு ஓட்ட இருந்திச்சி."

"யாருண்ணே சொருவுனது?"

"சாமி காரியம் டீச்சர். யாருன்னு கேக்கக் கூடாது."

குச்சி உள்ளே முறிந்திருந்தது. ஊசி, சாமணம், எதற்கும் வரவில்லை. ஆக, ஒயர் இல்லாமல் புளூடூத்தில்தான் போக வேண்டும். அந்தக் கணினியில் புளூடூத் கிடையாது. மறுநாள் பள்ளி விட்டதும் குயின் ஸ்திரீட்டில் கைப்பேசிச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு பொருளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். கணினியில் செருகினால் புளூடூத் வந்துவிடும்.

"விண்டோஸ்தானே, தங்கச்சி?"

"லினக்ஸ்ணே."

அவர் அந்தப் பொருளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது நல்லா வேல செய்யும். ஆனா திருப்பி மட்டும் கொண்டு வராதீங்க" என்றார்.

நன்றாகத்தான் வேலை செய்தது. கணினி அதை அடையாளம் கண்டுகொண்டது, ஸ்பீக்கரையும் கண்டுபிடித்தது, இரண்டையும் இணைத்தேன். மேளத்தைப் போட்டேன். மண்ணெண்ணெய் டின்னுக்குள் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அரை மணி நேரத்தில் காரணம் புரிந்தது. ஸ்பீக்கரில் பாட்டுப் பாடுவதற்கு ஒலிவாங்கி இருந்ததால் கணினி அதைத் தொலைபேசி என்று நினைத்துக்கொண்டது. தொலைபேசிக்குப் போதுமான தரத்தில் ஒலியைக் கொடுத்தது. 'இது தொலைபேசி அல்ல, பாட்டுக் கேட்க' என்று அமைப்பில் மாற்றினேன். மண்டபம் அதிர்ந்தது. கருவறைப் பக்கமிருந்து ஐயர் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலை வீட்டில் "முடிந்தது" என்று அறிவித்தேன். அப்பா சட்டைத் துணி எடுக்க அம்மாவோடு கடைக்குப் போனார். அவர் உள்ளே நிற்கப்போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

மறுநாள் சும்மா ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். கணினியில் மேளத்துக்கான விசையைத் தட்டினேன். திரையில் நேரம் ஓடியது, மண்டபத்தில் அமைதி. இரண்டு நொடி கழித்து, நடுவிலிருந்து மேளம் வந்தது. முதல் அடிகளைக் காணவில்லை. நிறுத்தி உடனே மறுபடி தட்டினால் முழுதாக வந்தது. கொஞ்ச நேரம் விட்டுத் தட்டினால் மறுபடி இரண்டு நொடி காணவில்லை.

மற்றவர்களுக்கு இரண்டு நொடி என்பது ஒன்றுமில்லை. அப்பாவுக்கு அதில் ஒரு முழுத் தும்மல் அடங்கும்.

தேடிப் படித்தேன். சில நொடிகள் ஒலி எதுவும் இல்லாவிட்டால், லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் நிரல் அந்தத் தடத்தைத் தூங்க வைத்துவிடுகிறது. மின்சாரம் மிச்சம். திரும்ப ஒலி வரும்போது எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு வருவதற்குள் முதல் அடிகள் போய்விடுகின்றன. அதற்கான அமைப்புக் கோப்பைக் கண்டுபிடித்து, எத்தனை நொடியில் தூங்க வேண்டும் என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன். பூச்சியம் என்றால் தூங்கவே கூடாது என்று பொருள். கணினியை அணைத்துப் போட்டேன். ஐந்து நிமிடம் காத்திருந்து விசையைத் தட்டினேன்.

இரண்டு நொடி அமைதி. பிறகு மேளம்.

அடுத்த இரண்டு நாள் பள்ளி முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கணினி தூங்கவே இல்லை என்பதையும் திரையில் உறுதி செய்துகொண்டேன். விழித்திருந்தது. ஆனாலும் அமைதி. செயலாளர் அண்ணன் அர்ச்சனைச் சீட்டு அடிக்க வந்து வந்து போனார்.

"டீச்சர், எங்கப்பா காலத்துல தவில எழுப்ப யாரும் பைல் தொறக்கல."

"கையொடிஞ்சா அந்தத் தவிலும் அடிக்காதுல்லண்ணே."

"அதுவும் சரிதான். சீட்டு அடிச்சிக்கலாமா?"

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அப்பா ஒரு மாலை பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் "எதுக்கும் நீ வேட்டி கட்டி ரெடியா இரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தையற்கடையிலிருந்து வந்த சட்டை பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆவுமா, ஆவாதா?"

"ஆவும்."

"ஆவாதுன்னா இப்பவே சொல்லு. நான் அப்பாகிட்ட சண்ட போடணும். அதுக்கு ரெண்டு நாளாவது வேணும்."

சனிக்கிழமை காலை மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு. வகுப்பு நடத்தும் ஆசிரியை தன் சுருதிப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். "கம்ப்யூட்டர்லதான் எல்லாம் இருக்கே, சுருதி ஒன்னு போட்டு விடு லா" என்றார். போட்டு விட்டேன். ஒரு மணி நேரம் அது ஒரே குரலில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, சுருதியை நிறுத்த மறந்து, பழக்க தோஷத்தில் மேளத்தின் விசையைத் தட்டினேன்.

தட்டியதும் அடித்தது. முதல் அடியோடு.

மறுபடி தட்டினேன். சுருதியை நிறுத்திவிட்டுத் தட்டினேன். சுருதியோடு தட்டினேன். அப்போது புரிந்தது. தூங்கியது கணினி மட்டுமல்ல, ஸ்பீக்கரும்தான். அமைதியாக இருந்தால் அதுவும் தனக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறது. அதன் கோப்பைத் திறந்து பூச்சியம் போட வழியில்லை. இருந்த ஒரே வழியில் ஊதுபத்தி இருந்தது. ஆனால் சுருதி மெல்லியதாக ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள்.

நாதஸ்வரக் குழுக்களில் ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு சுரத்தை ஊதிக்கொண்டோ, சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டோ ஒருவர் இருப்பார். சின்ன வயதில், வாசிக்க வராதவருக்குக் கொடுத்த வேலை என்று நினைத்திருந்தேன். அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சிறு குறை மிச்சமிருந்தது. ஒயர் இல்லாமல் போகும் ஒலி, விசையைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே கொஞ்சம் தாமதிக்கும். கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி. இது போதுமா போதாதா என்பது அப்பாவைப் பொறுத்தது. ஞாயிறு காலை அவரைச் சமையலறையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா எதையும் கேள்வி கேட்கவில்லை. "மொளகுத்தூள் கொண்டா" என்றார்.

ஐந்து தும்மல் அளந்தேன். முதலில் அப்பாவின் முகம் வெளிச்சம் இருக்கும் பக்கம் மேலே திரும்பும். பிறகு வாய் திறக்கும். பிறகு கைக்குட்டையைத் தேடுவார், கிடைக்காது. பிறகுதான் தும்மல். முகம் திரும்பியதிலிருந்து தும்மல் வரை ஒவ்வொரு முறையும் ஒன்றரை நொடிக்குக் குறையவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்ன யூனிவர்சிட்டி வரைக்கும் அனுப்பிச்சது அப்பன் தும்மல எண்ணத்தானா?"

"பாவம், படிச்ச புள்ள, எண்ணட்டும்" என்றார் அப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. பிறகு என்னிடம், "போதுமா, இன்னும் ரெண்டு வேணுமா?"

"போதும்பா. நேரம் இருக்கு. நீங்க நிக்கலாம்."

அவர் போய்ச் சட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தார்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கே சுருதியை ஓட விட்டேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மணப்பெண்ணின் தங்கை உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல், அலுவலக அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, அர்ச்சனைச் சீட்டு இங்கேதானா என்று கேட்டார்கள். அத்தை வந்தார்.

"அந்த ங்ஙொய்னு கேக்கறத நிறுத்தேன்டி. பக்கத்துல பேசுறது கேக்கல."

"அத நிறுத்துனா ஸ்பீக்கர் தூங்கிரும் அத்தை."

"ராத்திரி தூங்கலயா அது?"

செயலாளர் அண்ணன் அவரைச் சாப்பாட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

ஐயரிடம் முன்பே பேசியிருந்தேன். அவர் வலது கையை உயர்த்தி விரலை ஆட்டுவார், நான் விசையைத் தட்டுவேன். மாப்பிள்ளையிடமும் சொல்லியிருந்தார்கள், மேளம் கேட்டதும் தாலியைக் கட்ட வேண்டும் என்று. அவர் இரண்டு முறை தலையாட்டினார். பேருந்து ஓட்டுகிறவர், விளக்கு மாறினால் கிளம்பிவிட வேண்டும் என்று தெரிந்தவர்.

தாரை வார்த்துக் கொடுத்தது அப்பாதான். புதுச் சட்டை, கழுத்து கொஞ்சம் இறுக்கம். தும்மவில்லை. பெரியப்பா வேட்டியோடு இரண்டாம் வரிசையில் தயாராக இருந்தார், தேவைப்படவில்லை. தாலியைத் தட்டில் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் அதைத் தொட்டுக் கும்பிட்டு அட்சதை எடுத்துக்கொண்டார்கள். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அக்கா குனிந்தாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்றார். நான் ஐயரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியில் இருந்தது. மந்திரம் இன்னும் முடியவில்லை.

அப்போது ஐயரின் உதவியாளர் அக்கினியில் நெய் ஊற்றினார். புகை எழுந்து அப்பா பக்கம் போனது.

அப்பாவின் முகம் மேலே திரும்பியது.

ஐயரின் கை மடியில்தான் இருந்தது. அப்பாவின் வாய் திறந்தது. கை சட்டைப்பைக்குப் போனது. புதுச் சட்டை, பை வேறு பக்கம்.

நான் விசையைத் தட்டினேன்.

மேளம் முதல் அடியிலிருந்தே முழுதாக இறங்கியது. மேடைப் பக்கம் ஒரு குழந்தை வாய் திறந்து அழுதது தெரிந்தது, கேட்கவில்லை. ஐயர் துள்ளித் திரும்பி என் சன்னலைப் பார்த்தார். மாப்பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. மேளம் கேட்டது, கட்டினார். முதல் முடிச்சு. அதற்குள் சனம் எழுந்து அட்சதை போட ஆரம்பித்துவிட்டது. ஐயர் மிச்ச மந்திரத்தை அட்சதை மழைக்கு நடுவே வேகமாகச் சொல்லி முடித்தார். அம்மா இரண்டு கையையும் கூப்பி நின்றார். அப்பாவின் முகம் முழுதும் கைக்குட்டைக்குள் இருந்தது. தோள் குலுங்கியது. ஒருமுறை, இன்னொரு முறை, பிறகு நிற்காமல்.

மேளத்தை நானாக நிறுத்தவில்லை. அது முடியும் வரை விட்டேன்.

பிறகு ஐயர் அலுவலக அறைக்கு வந்தார். கையில் வெற்றிலை.

"நான் கையே தூக்கலையேம்மா."

"தெரியும் சாமி. கொஞ்சம் முந்திட்டேன்."

அவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல நேரத்துக்குள்ளதான் இருக்கு. பரவால்ல" என்றார். போகும்போது நின்று, "அடுத்த முகூர்த்தத்துக்கும் இத போடலாமா?" என்று கேட்டார்.

பந்தியில் அக்கா மாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மாப்பிள்ளை, எதிரில் அப்பா, அம்மா, சம்பந்தி அம்மாள். நான் சுருதியை நிறுத்திவிட்டுக் கடைசியாக வந்து உட்கார்ந்தேன். அக்கா இலைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, தாலி ஏறும்போது தும்முனீங்களா, அழுதீங்களா?"

அப்பா சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். நிதானமாக யோசித்தார்.

"தெரியலமா. மேளத்துல எனக்கே கேக்கல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

பிறகு ரசம் வந்தது. மிளகு தூக்கல். அப்பாவின் முகம் மின்விசிறிப் பக்கம் மேலே திரும்பியது, வாய் திறந்தது, கைக்குட்டை கிடைக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. மூன்று முறை. மூன்றாவதில் அப்பளம் ஒன்று நிஜமாகவே கீழே விழுந்தது.

"நூறு வயசு சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.